வாக்கியம் பதினேழு

பீஸ் காற்று பலமென்று
ஏரியின் நீரூற்றை நிறுத்தியிருந்தார்கள்.
ட்ராமில் வந்தவர்கள் அது இல்லாத வானத்தை
ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் மாடியில் ஒரு நகரத்தின் வரைபடம்.
பெயர் வைக்கவில்லை.
ஆறு உண்டு, ரயில் நிலையம் உண்டு,
பதினொரு லட்சம் பேர் உண்டு.
கவராயத்தால் வரைந்த நான்கு வட்டங்கள்.
ஐந்தாவது வட்டமில்லை,
தென்மேற்கே நீண்ட ஒரு வெண்டைக்காய்.
அது காற்றின் பங்கு என்றார் ரெட்டோ ஸ்கிராகென்;
வேறு தேடச் சோம்பல்,
ஜெனீவாவின் இன்றைய காற்றையே போட்டேன்.

ஓடில் பெரோஷே கிடங்குக் கணக்கை வாசித்தாள்.
தீக்காயத் துணி நாற்பதாயிரம்.
அயோடின் மாத்திரை ஆறு பலகைத்தட்டு.
கதிர்மானி முந்நூற்றுப் பன்னிரண்டு,
அதில் பன்னிரண்டுக்குப் பற்றறி இல்லை.
தீக்காயக் கட்டில்களை
நாடு நாடாகக் கூட்டிச் சொன்னாள்.
எல்லோரும் எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள்
அந்த எண்ணை எழுதவில்லை.

முதல் லொறி எப்போது உள்ளே போகும்?

ரெட்டோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

முதல் இரண்டு நாள் யாரும் வரமாட்டோம்.
இதை எழுதத்தான் வேண்டுமா என்றது ஒரு குரல்.
எழுதினார்கள். பென்சிலால்.

அந்த இரண்டு நாளுக்கு அனுப்பக்கூடிய உதவி
இருபத்து மூன்று வாக்கியங்கள்.
முப்பத்தெட்டு மொழிகளில்,
வானொலி மிஞ்சினால் வானொலியில்.
தமிழுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்,
மணிக்கு இத்தனை பிராங்க் என்று.

உள்ளே இருங்கள். இது எளிது.
யன்னல்களைச் சாத்துங்கள்.
வெளியே அணிந்த உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டுங்கள்.
தலையைக் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள்.
கண்டிஷனர் பூசாதீர்கள், தூசி முடியில் ஒட்டிக்கொள்ளும்.
எங்கள் ஆட்கள் எண்ணெய் வைப்பார்களே என்றேன்.
ரெட்டோ யோசித்தார்.
அதையும் சேர்த்துக்கொள், அதே சங்கதிதான்.
அன்று முழுக்க நான் செய்த உருப்படியான வேலை
அதுதான் என்று நினைக்கிறேன்.

பதினேழு:
பள்ளியிலிருக்கும் பிள்ளையைக் கூட்டிவரப் போகாதீர்கள்.

போகாதீர்கள் என்றால் பூங்காப் பலகை,
புல்லை மிதிக்காதீர்கள் மாதிரி.
போக வேண்டாம் என்பது கெஞ்சல்.
போகக் கூடாது என்று பஞ்சாங்கம்தான் சொல்லும்,
அதற்கும் பரிகாரம் வைத்திருக்கும்.
போகாதே என்றால் ஒருவேளை நிற்பார்கள்,
ஆனால் அதைச் சொல்ல
அந்த வீட்டு ஆள் ஒருவர் வேண்டும்.

நாலையும் எழுதி மூன்றை அடித்தேன்.
பிறகு வேறு மூன்றை அடித்தேன்.

பதினெட்டு அதைவிட மோசம்:
ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாக உள்ளே வைத்திருப்பார்கள்.
ஓடிலிடம் சொன்னேன்:
வைத்திருப்பார்கள் என்றால் எங்கள் மொழியில்
நிச்சயம் வைத்திருப்பார்கள் என்றும் ஆகும்,
வைத்திருக்கக்கூடும், யார் கண்டது, என்றும் ஆகும்.
வாக்குறுதிக்கும் ஊகத்துக்கும் ஒரே விகுதி.
பிரெஞ்சில் அப்படியில்லையே என்றாள்,
பிறகு தன் தாளை மறுபடி வாசித்தாள்.
வாசித்துவிட்டுக் கோப்பி எடுக்கப் போனாள்.

மூன்றே முக்கால்.
பதினெட்டை மஞ்சளாக்கி விட்டுவிட்டு இறங்கினேன்.
பதினாலாம் இலக்க ட்ராமில்
ஒவ்வொரு தரிப்பிலும் கதவு ஆறுதலாகத் திறந்தது.
மெய்ரான் பள்ளி நகரத்துக்கு எந்தப் பக்கம் என்று
ஏழு வருடத்தில் முதல்முறை எண்ணினேன்.
வடமேற்கு. இன்றைக்குத் தப்பும்.

ஆரபி தனியாக வாசலில் நின்றாள்,
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.
ஏன் லேட் என்றாள்.
நான் ஓடிவந்த மூச்சு இன்னும் இறங்கவில்லை.

காலையில் வைத்துப் பின்னிய எண்ணெயில்
மண்ணும் பிளேன் மரத்துச் சருகுத் தூளும்
அப்பிக் கிடந்தன.
கைக்குட்டையை எடுத்தேன்.
தேய்க்காமல்,
ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன்.